3.8 லட்சம் கி.மீ. ஓடின டீசல் பிக்கப்: இன்ஜினைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி கீழ படுத்துப் பாருங்க

கேள்வி இதுதான். 16 வருஷமான டீசல் பிக்கப், மீட்டர் 3,80,000 தாண்டியாச்சு. காலைல ஸ்டார்ட் ஆக ரொம்ப நேரம் எடுக்குது, லோடோட மேடு ஏறினா கரும்புகை தள்ளுது, 60-70 ஸ்பீடுல வண்டி அதிருது, லோடு ஏத்திட்டா டெம்பரேச்சர் முள்ளு மேல ஏறுது. மெக்கானிக் பார்த்துட்டு ரிங் (பிஸ்டனைச் சுத்தி கம்ப்ரஷனைப் பிடிக்கிற வளையம்) போச்சு, இன்ஜினைப் பிரிச்சுடலாம்னு சொல்லிட்டார். பிரிக்கலாமா, இல்ல வித்துடலாமா?

ரெண்டும் இப்ப வேணாங்க. நீங்க சொன்ன நாலு கம்ப்ளெயின்ட்ல ரிங்குக்கு நேரடியா சம்பந்தம் இருக்க வாய்ப்பு உள்ளது ஸ்டார்டிங் ஒண்ணுதான், அதுக்கும் ரிங்கை விட மலிவான காரணம் நாலஞ்சு இருக்கு. வயசான வண்டின்னாலே எல்லாப் பழியும் இன்ஜின் தலையில விழும், ஆனா பழைய பிக்கப்பை உண்மையிலயே சாகடிக்கிறது பெரும்பாலும் துரு, கூலன்ட் இல்லாத வெறும் தண்ணி, வெடிச்ச ரப்பர், கழண்ட எர்த், இந்த மாதிரி யாரும் திரும்பிப் பாக்காத சில்லறை விஷயங்கதான். அதனால ஒவ்வொண்ணா பார்த்துட்டு கடைசில இன்ஜினுக்கு வருவோம்.

முதல்ல சேஸ், அதாவது வண்டியோட அடிச்சட்டம். ஏன் இத முதல்ல சொல்றேன்னா, இன்ஜின் போனா வேற இன்ஜின் வைக்கலாம், கியர் பாக்ஸ் போனா மாத்தலாம், சேஸ் உளுத்துப்போச்சுன்னா அந்த வண்டில வேற எதுக்கும் செலவு பண்றதுல அர்த்தமில்ல. வண்டியை சமதரைல நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, ஒரு சின்ன சுத்தியலோட கீழ படுங்க (தூக்கணும்னா ஸ்டாண்ட் போட்டே தூக்குங்க, ஜாக்கியை மட்டும் நம்பி தலையை உள்ள விடாதீங்க, ஜாக்கி சீல் எப்ப விடும்னு யாருக்கும் தெரியாது). பின்பக்க பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டியிருக்கிற ஹேங்கர், பின் ஆக்சிலுக்கு மேல சேஸ் வளைஞ்சு ஏறுற இடம், ஸ்டியரிங் பாக்ஸ் மாட்டியிருக்கிற இடம், இந்த மூணும் ரொம்ப முக்கியம். தட்டினா ணங்குன்னு சத்தம் வரணும். தொப்புன்னு அமுங்கின சத்தம் வந்தா, இல்ல துரு சில்லு சில்லா பேர்ந்து விழுந்தா ஸ்க்ரூ டிரைவரால நல்லா குத்திப் பாருங்க. சேஸ் பெட்டி மாதிரி மூடின வடிவம்னா உள்ள சேறு அடைச்சு உள்ளேருந்து வெளிய அரிச்சிட்டு வரும், வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும், நம்பாதீங்க. கீழ தண்ணி வடியறதுக்கு சின்னச் சின்ன ஓட்டை விட்டிருப்பாங்க, அது அடைச்சிருந்தா கம்பி விட்டு எடுத்துவிடுங்க. மேலாப்புல துரு இருக்கிறது பயப்பட வேண்டிய விஷயம் இல்ல, பிரஷ் போட்டு சுரண்டி பிரைமர் அடிச்சா போதும். வெல்டிங் வைக்கணும்னா பேட்டரி ரெண்டு டெர்மினலையும் கழட்டிட்டு, வெல்டிங் எர்த்தை வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே மாட்டச் சொல்லுங்க, இல்லன்னா இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) போயிடும்.

சேஸ் நல்லாருக்குன்னு வச்சுக்குவோம். இப்ப ஸ்டார்டிங்.

இதுல முதல் கேள்வி, சாவி திருப்பினா இன்ஜின் சோம்பேறித்தனமா சுத்துதா, இல்ல வேகமா சுத்தியும் பிடிக்க மாட்டேங்குதா? இது ரெண்டும் வேற வேற நோய். மெதுவா சுத்தினா கரண்ட் பிரச்சனை. நான் இதுல நல்லா மொத்துப்பட்டவன். என் பழைய வண்டில இதே காலை மல்லுக்கட்டு வந்தப்ப புது பேட்டரி போட்டேன், ரெண்டு நாள் நல்லாருந்துச்சு, திரும்ப அதே கதை, அப்புறம் ஒருத்தர் சொன்னார்னு ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழட்டி புஷ், கார்பன் எல்லாம் மாத்தினேன், அப்பவும் அதே. கடைசில ஒரு நாள் சும்மா மல்டிமீட்டரை எடுத்து ஒரு முனையை பேட்டரி மைனஸ் கம்பத்துலயும் (டெர்மினல் கிளிப்ல இல்ல, அந்த ஈயக் கம்பத்துலயே), இன்னொரு முனையை இன்ஜின் பிளாக்ல சுரண்டின இடத்துலயும் வச்சுக்கிட்டு சாவி போடச் சொன்னேன். 1.6 வோல்ட் காட்டுச்சு. அங்க 0.2, 0.3க்கு மேல வரவே கூடாது. இன்ஜினுக்கும் சேஸுக்கும் நடுவுல பின்னல் மாதிரி ஒரு எர்த் பட்டை போகும் பாருங்க, அது போல்ட் அடில பச்சை பூத்து, பாதி இழை அறுந்து தொங்கிட்டு இருந்துச்சு. டீசல் இன்ஜினை சுத்த ஸ்டார்ட்டர் சாதாரணமா 300 ஆம்பியருக்கு இழுக்கும், அந்த வழில வெறும் 5 மில்லிஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கயே காலி, ஸ்டார்ட்டருக்குப் போய் சேர்றது மிச்சம் மீதிதான். உப்புத்தாள் போட்டு தேய்ச்சு புதுப் பட்டை மாட்டினதோட முடிஞ்சுது. பேட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் கொடுத்த காசு கொடுத்ததுதான்.

பிளஸ் பக்கமும் இதே மாதிரி பேட்டரி கம்பத்துலேருந்து ஸ்டார்ட்டர் போல்ட் வரைக்கும் பாருங்க, 0.5 தாண்டக்கூடாது. வண்டி நின்னு ராத்திரி கழிச்சு பேட்டரி 12.6 பக்கம் இருக்கணும், ஓடும்போது ஏறக்குறைய 13.8லேருந்து 14.4, ஸ்டார்ட் அடிக்கும்போது பேட்டரிலயே 9.6க்கு கீழ விழுந்தா பேட்டரிதான்.

வேகமா சுத்தியும் பிடிக்கலைன்னா அது வேற வழி. காலைல சாவி போடறதுக்கு முன்னாடி டீசல் ஃபில்டர் மேல இருக்கிற கை பம்பை கெட்டியாகிற வரைக்கும் அமுக்குங்க, அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. டக்குனு பிடிச்சுதுன்னா விடை கிடைச்சாச்சு, எங்கயோ ஏர் எடுக்குது, ராத்திரி முழுக்க டீசல் டேங்க்குக்கே திரும்பி இறங்கிடுது. ஃபில்டர் ரப்பர் சீல், ரிட்டர்ன் பைப், கிளிப் போடற இடத்துல வெடிச்ச ஓஸ், இதுல ஏதாவது ஒண்ணு. வெளிய டீசல் ஒழுகணும்னு அவசியமில்ல, சக்ஷன் பக்கம்ங்கிறதால காத்து உள்ள போகும், டீசல் வெளிய வராது, அதனாலதான் கண்ணுக்கு மாட்டாது. ஃபில்டர் கிட்ட ஒரு அடிக்கு கண்ணாடி மாதிரி டிரான்ஸ்பேரன்ட் டீசல் ஓஸ் போட்டுப் பாருங்க, குமிழி ஓடுறது தெரியும்.

பம்ப் அடிச்சும் மாற்றமில்ல, பிடிக்கிற நேரத்துல வெள்ளைப் புகை டீசல் வாடையோட வருதுன்னா ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் ஆக சிலிண்டருக்குள்ள சூடு கொடுக்கிறது). ஓம் மீட்டர்ல ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 1 ஓம், அதுக்கும் கீழ கூட காட்டும், ஒண்ணுமே காட்டலைன்னா அது செத்தாச்சு. ஆனா கழட்டும்போது கை நிதானம் வேணும்ங்க, இத்தனை வருஷம் ஹெட்லயே ஊறிப்போன பிளக், ஆத்திரப்பட்டு திருகினா பாதில முறிஞ்சு நிக்கும், அப்புறம் ஹெட்டை இறக்கணும். துரு இளக்குற ஆயில் ஊத்தி ராத்திரி விட்டு, மறுநாள் இன்ஜினை சூடு பண்ணிட்டு, சின்ன ஸ்பேனரால முன்னாடி கொஞ்சம் பின்னாடி கொஞ்சம்னு அசைச்சு அசைச்சு எடுக்கணும்.

அதுவும் சரின்னா நாஸில் லீக்-ஆஃப், அதாவது டீசல் பீச்சுற நாஸில்லேருந்து ரிட்டர்ன்ல திரும்பிப் போற டீசல். காமன் ரெயில் வண்டில (எல்லா நாஸிலுக்கும் ஒரே ஹை பிரஷர் குழாய்லேருந்து டீசல் போற வண்டி) ரெயிலுக்குள்ள குறிப்பிட்ட அளவு பிரஷர் ஏறினாத்தான் இசியு நாஸிலைத் திறக்கவே விடும். ஒரு நாஸில் தேய்ஞ்சு ரிட்டர்ன்ல டீசலைக் கொட்டிக்கிட்டே இருந்தா அந்த பிரஷர் ஏற நேரம் எடுக்கும். நாலு நாஸிலோட ரிட்டர்ன்லயும் நாலு டியூப் மாட்டி நாலு ஒரே மாதிரி பாட்டில்ல விட்டு ரெண்டு நிமிஷம் ஐடில்ல ஓட்டுங்க. மூணு பாட்டில் ஒரே மட்டம், ஒண்ணு மட்டும் ரெண்டு மூணு மடங்குன்னா அந்த ஒரு நாஸிலைத்தான் கவனிக்கணும், நாலையும் மாத்தச் சொன்னா ஏன்னு கேளுங்க. ஒரு எச்சரிக்கை, ஹை பிரஷர் பைப்பை ஓடும்போது இளக்கறது, லீக்கை விரலால தடவிப் பாக்கறது எல்லாம் பழைய பம்ப் வண்டி பழக்கம், இதுல வச்சுக்காதீங்க. லோடுல 1,000 பாருக்கு மேல போற லைன் அது, ஊசி மாதிரி தோலைக் குத்தி டீசல் உள்ள போயிடும், விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

அடுத்து கரும்புகை. கரும்புகைன்னா டீசலுக்கு ஏத்த காத்து கிடைக்கலைன்னு அர்த்தம், அவ்வளவுதான். ஏர் ஃபில்டரைப் பாத்துட்டு நேரா டர்போலேருந்து இன்டர்கூலர் போற ஓஸுக்கு வாங்க. ஐடில்ல நிக்கும்போது அந்த ஓஸ் நல்லபிள்ளையா மூடிட்டு இருக்கும், மேடு ஏறும்போது பூஸ்ட் ஏறினாத்தான் அடிப்பக்க வெடிப்பு வாய் திறக்கும். அதனால நிறுத்தி வச்சு பாத்தா ஒண்ணும் தெரியாது. கழட்டி கையில வச்சு மடக்கிப் பாருங்க, இல்லன்னா வெளிப்பக்கம் ஒரே இடத்துல மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோட தூசி ஒட்டியிருக்கான்னு பாருங்க, அங்கதான் ஓட்டை. அடுத்து ஈஜிஆர் வால்வு (புகையில கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடறது), கரி பிடிச்சு திறந்த மேனிக்கே மாட்டிக்கும், கழட்டி சுத்தம் பண்ணலாம். டர்போவோட ஷாஃப்ட்டை விரலால அசைச்சா பக்கவாட்டுல லேசா அசையறது சகஜம், ஆனா முன்னும் பின்னும் ஆடினாலோ பிளேடு ஓட்டுல உரசின தடம் இருந்தாலோ டர்போ வேலை இருக்கு. நீலப் புகை வந்தா மட்டும்தான் ஆயில் எரியுதுன்னு அர்த்தம், நீங்க அதைச் சொல்லவே இல்ல. ரிங் போச்சுன்னு சொன்னவர் இதைக் கேட்டாரா?

டெம்பரேச்சர் விஷயத்துல ரெண்டு தப்பு எல்லாரும் பண்றாங்க. ஒண்ணு, வெறும் தண்ணி ஊத்தறது. கூலன்ட் குளிருக்கு மட்டும்தான்னு நினைச்சுக்கிறாங்க, துரு பிடிக்காம காப்பாத்தறதும் அதேதான். பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊத்துங்க, கலரைப் பாத்து வாங்காதீங்க, கலருக்கு எந்த ஸ்டாண்டர்டும் கிடையாது, வண்டி புத்தகத்துல என்ன வகைன்னு போட்டிருக்கோ அது. ரெண்டாவது, தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கிற வால்வு) கழட்டி எறியறது. நிறைய இன்ஜின்ல தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் பைபாஸ் வழி மூடும், அதைக் கழட்டிட்டா சுடு தண்ணில பாதி ரேடியேட்டருக்கே போகாம இன்ஜினுக்குள்ளயே சுத்தும், லோடுல சூடு கூடத்தான் செய்யும். லோடு இல்லாதப்ப இன்ஜின் சூடே ஏறாம டீசல் அதிகமா குடிக்கும்.

லோடுல மட்டும் ஏறுதுன்னா நான் முதல்ல பாக்கிறது ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவுல இருக்கிற இடுக்கு. முன்னாடிலேருந்து பாத்தா சுத்தமா இருக்கும், நடுவுல பஞ்சு, பூச்சி, மண்ணு எல்லாம் சேர்ந்து போர்வை மாதிரி மூடியிருக்கும். கண்டென்சரை லேசா முன்னாடி நகர்த்தி இன்ஜின் பக்கத்துலேருந்து தண்ணி அடிங்க, பிரஷர் வாஷரை நேரா காட்டினா ஃபின் மடங்கிடும். அப்புறம் விஸ்கஸ் ஃபேன் (சூடு ஏறினா பிடிச்சு வேகமா சுத்துற ஃபேன்), நல்லா சூடான இன்ஜினை நிறுத்திட்டு ஃபேனைக் கையால சுத்தினா பிடிப்பு இருக்கணும், சும்மா கிறுகிறுன்னு சுத்தினா அது போயாச்சு. ரேடியேட்டர் மூடியும் ஒரு பார்ட்தான். 1 பார் மூடி ஒழுங்கா பிரஷரைப் பிடிச்சா வெறும் தண்ணி கூட 120 டிகிரிலதான் கொதிக்கும், ரப்பர் போன மூடின்னா 100லயே பொங்கும். சூட்டுல திறக்காதீங்கன்னு சொல்லத் தேவையில்லன்னு நினைக்கிறேன், ஆனா சொல்லிடறேன்.

இதெல்லாம் சரியா இருந்தும் ஏறினா, குளிர்ந்த இன்ஜின்ல ரேடியேட்டர் மூடியைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணி பாருங்க. விடாம சின்னச் சின்ன குமிழி வந்துக்கிட்டே இருந்தா ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற சீல்) போயிருக்கு. அதோட ஓட்டினா ஹெட் வளைஞ்சிடும், அன்னைக்கே நிறுத்துங்க.

அதிர்வுக்கு ஒரு ஈஸி டெஸ்ட். காலி ரோட்டுல அந்த 65ல போகும்போது கிளட்ச் மிதிச்சு இன்ஜினை ஐடிலுக்கு இறக்குங்க. அதிர்வு அப்படியே இருந்தா இன்ஜினுக்கு சம்பந்தமே இல்ல. ஸ்டியரிங்ல தெரிஞ்சா முன் டயர், சீட்டுக்கு அடியில தெரிஞ்சா பின் டயர், இல்லன்னா புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர் பாக்ஸ்லேருந்து பின் ஆக்சிலுக்குப் போற தண்டு). ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதும் விடும்போதும் அதிர்வு மாறுதுன்னா ஷாஃப்ட்தான்னு கிட்டத்தட்ட முடிவு பண்ணிக்கலாம். கீழ போய் ஷாஃப்ட் மூட்டுல இருக்கிற கிராஸ் பேரிங்கோட ரெண்டு பக்கத்தையும் ரெண்டு கையால பிடிச்சு எதிர் எதிரா முறுக்குங்க, துளி ஆட்டம் கூட இருக்கக்கூடாது. மூடியைச் சுத்தி செம்மண் கலர்ல துருப்பொடி இருந்தா உள்ள ஊசி ரோலர் பொடியாகிட்டு இருக்கு. ரிவர்ஸ்லேருந்து ஃபர்ஸ்ட் போடும்போது டக்குனு சத்தம் கேக்குதா? அதே கேஸ்தான். ரெண்டு துண்டு ஷாஃப்ட்னா நடுவுல சென்டர் பேரிங் ரப்பர் கிழிஞ்சிருக்கான்னு பாருங்க. கழட்டறதுக்கு முன்னாடி ஷாஃப்ட்லயும் ஃபிளாஞ்ச்லயும் பெயிண்ட்ல கோடு போட்டுக்கங்க, திருப்பி மாட்டும்போது மாறிப்போச்சுன்னா சரி பண்ண வந்த வேலையே புது அதிர்வைக் கொடுக்கும்.

பின் பட்டை உக்காந்து போயிருந்தாலும் ஷாஃப்ட் கோணம் மாறி அதிரும், அதனால வண்டி ஒரு பக்கம் சாஞ்சிருக்கான்னு சமதரைல அளந்து பாருங்க. முன் சக்கர நடுவுலேருந்து பின் சக்கர நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் பிடிச்சு அளங்க, வித்தியாசம் தெரிஞ்சா பட்டையோட சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகர்ந்திருக்கு. பட்டை வேலை பண்ணா யூ போல்ட் புதுசு போடுங்க, ஒரு 500 கி.மீ. ஓடினதும் திரும்ப டைட் பண்ணுங்க. எக்ஸ்ட்ரா பட்டை சேர்த்தா அதிக லோடு ஏத்தலாம்னு ஒரு நினைப்பு இருக்கு. பட்டை தாங்கும், பேரிங்கும் பிரேக்கும் சேஸும் தாங்காது.

பிரேக்கை நீங்க கேக்கவே இல்ல, ஆனா இந்த வயசு வண்டில இதைப் பாக்காம நான் விட மாட்டேன். பின் ஆக்சிலுக்கு மேல போற இரும்பு பைப்ல துரு இருந்தா யோசிக்காம மாத்துங்க. முன்பக்க ரப்பர் ஓஸ் உள்ளுக்குள்ள வீங்கி அடைச்சிக்கும், மிதிச்சா ஆயில் போகும், விட்டா திரும்பி வராது, ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கும், எல்லாரும் கேலிப்பரைப் பிரிச்சிட்டு இருப்பாங்க. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், டாட் 4 புதுசா இருக்கும்போது 230 டிகிரிக்கு மேலதான் கொதிக்கணும், ஈரம் ஏறினப்புறம் அதோட வரம்பே 155தான், இறக்கத்துல லோடோட மிதிச்சுக்கிட்டே வந்தா அது போதாது. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்க. மாத்தி ஏர் எடுக்கும்போது பெடலை அடிமட்டம் வரைக்கும் மிதிக்க விடாதீங்க, கீழ ஒரு மரக்கட்டை வைங்க, ஏன்னா இத்தனை வருஷமா மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போகாத இடத்துல துரு ஒட்டியிருக்கும், முதல் முறையா அங்க போய் உரசினா சீல் கிழியும், நேத்து வரைக்கும் நல்லாருந்த பிரேக் ஆயில் மாத்தினதும் போச்சேன்னு முழிப்பீங்க.

பின் டிரம்ல கிரௌன் ஆயில் (பின் ஆக்சில் கியர் ஆயில்) ஒழுகி ஷூ நனைஞ்சிருந்தா சீல் மட்டும் மாத்திட்டு வந்துடாதீங்க. ஆக்சில் மேல சின்னதா ஒரு பிரீதர் (காத்துப் போற ஓட்டை) இருக்கும், அது சேறு அடைச்சா உள்ள சூடான காத்து போக வழியில்லாம சீலைத் தள்ளிக்கிட்டு வரும், புது சீலும் சீக்கிரமே அதே மாதிரி போகும். அங்க ஆயில் மாத்தும்போது ஊத்துற போல்ட்டை முதல்ல திறங்க, அது திறந்தப்புறம்தான் வடிக்கிற போல்ட். மாத்திப் பண்ணி, எல்லாம் வடிஞ்சு முடிஞ்சதும் மேல் போல்ட் வழுக்கிப்போச்சுன்னா வண்டி அங்கயே உக்காந்திடும். கியர் பாக்ஸுக்கு புத்தகத்துல ஜிஎல்-4னு (கியர் ஆயிலோட தர வகை) போட்டிருந்தா ஜிஎல்-5 ஒசத்தின்னு ஊத்தாதீங்க, அதுல இருக்கிற கெமிக்கல் சிலது பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரிக்கும்.

இப்ப இன்ஜின். ஐடில்ல ஓடும்போது ஆயில் மூடியைத் திருப்பி ஓட்டை மேல சும்மா வைங்க. லேசா ஆடினா பரவால்ல, துள்ளி விழுந்தா பேக் கம்ப்ரஷன் (ரிங்கைத் தாண்டி கேஸ் கீழ இறங்குறது) இருக்கு, ஆனா அதையும் உடனே நம்பாதீங்க, பிரீதர் ஓஸ் அடைச்சிருந்தாலும் அப்படித்தான் துள்ளும், அதைக் கழட்டி ஊதிப் பாத்துட்டு திரும்ப டெஸ்ட் பண்ணுங்க. ஆயில் கருப்பா இருக்குங்கிறது ஒரு அறிகுறியே இல்ல, டீசல்ல புது ஆயில் கொஞ்ச தூரத்துலயே கருத்துடும். டிப் ஸ்டிக்ல மட்டம் குறையறதைக் குறிச்சு வைங்க, 1,000 கி.மீ.க்கு எவ்வளவுன்னு தெரியணும். மட்டம் ஏறுதுன்னா அது இன்னும் மோசம், டீசலோ தண்ணியோ கலக்குது. டைமிங் பெல்ட் வண்டின்னா எப்ப மாத்தினதுன்னு ரெக்கார்ட் இல்லாத பட்சத்துல இன்னைக்கே மாத்திட்டு அங்கேருந்து கணக்கை ஆரம்பிங்க, அறுந்தா வால்வு பிஸ்டன்ல அடிச்சு, ரிங் நல்லாருந்தாலும் இன்ஜினைப் பிரிச்சே ஆகணும்.

மேல சொன்னதெல்லாம் முடிச்சும் ஸ்டார்டிங் சரியாகலைன்னா கம்ப்ரஷன் டெஸ்ட், ஹீட்டர் பிளக் ஓட்டை வழியா கேஜ் மாட்டி. நாலும் 25 பாருக்குப் பக்கத்துல ஒண்ணுக்கொண்ணு ரெண்டு மூணு பார் வித்தியாசத்துல இருந்தா அந்த இன்ஜினைத் தொடாதீங்க, இன்னும் ஓடும். மூணு 26ம் ஒண்ணு மட்டும் 17ம் காட்டினா, அந்த சிலிண்டருக்குள்ள காத்து அடைச்சு எங்க வெளிய வருதுன்னு காதை வச்சுக் கேளுங்க: ஆயில் மூடி வழியா வந்தா ரிங், சைலன்ஸர் வழியாவோ ஏர் ஃபில்டர் வழியாவோ வந்தா வால்வு, ரேடியேட்டர்ல குமிழி வந்தா கேஸ்கெட். இதுல முதல்ல சொன்னது வந்தா மட்டும் உங்க மெக்கானிக் சொன்னது சரி, இன்ஜினை இறக்குங்க. மத்த ரெண்டுக்கும் ஹெட்டை மட்டும் இறக்கினா போதும்.